சாரோன் – ஆண் பெயரா, பெண் பெயரா?



தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் சாரோன் என்ற பெயரைக் கேட்டிருப்போம். ஷாரோன் என்றும் எழுதுவர். ஒரு வீட்டில் அது மகளின் பெயர். அடுத்த லயத்தில் மகனின் பெயர். மகனுக்கு இருந்தால், "இது பொம்பளைப் பேராச்சே!" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். பெயரையே மாற்றிவிடலாமா என்று கலங்கும் பெற்றோரும் உண்டு. ஆகவே அதன் வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

சாரோன் என்பது முதலில் ஆளின் பெயரே அல்ல. ஒரு நிலத்தின் பெயர். இன்றைய இஸ்ரேலில், மத்தியதரைக் கடலுக்கும் சமாரியா மலைகளுக்கும் இடையே நீண்டு கிடக்கும் வெளிக்கு எபிரேய மொழியில் வழங்கும் பெயர் அது. நேர், சமம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் அறிஞர் பலர். சமவெளி என்று கொள்ளலாம். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் நாம் பிள்ளைக்குச் சமவெளி என்று பெயரிடுவது வேடிக்கைதான்! தாவீது மன்னனின் மாடுகள் அங்கே மேய்ந்ததாக நாளாகமம் கூறுகிறது. இன்று அங்கே ஆரஞ்சு விளைகிறது. நம் கேமரன் மலையைப் போலவே ஸ்ட்ராபெரியும் விளைகிறது.

பெண் பெயரானதற்கு உன்னதப்பாட்டே காரணம் எனலாம். அதில் வரும் பெண் தன்னைச் சாரோன் வெளியின் பூவாகச் சொல்லிக்கொள்கிறாள். தமிழ் வேதாகமத்தில் அந்தப் பூ ரோஜா. ஆனால் எபிரேயச் சொல் குறிப்பது நாம் அறிந்த ரோஜாவை அன்று; குங்குமப்பூ இனம் என்பார் சிலர், நார்சிசஸ் என்பார் சிலர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ வெறுமனே வெளியின் பூ என்று விட்டுவிட்டது. ஆங்கிலேயர் 'சாரோன் ரோஜா' என்று அழைக்கும் செடிகளுள் ஒன்று செம்பருத்தி இனத்தது. 1960-இல் நம் நாட்டு மலராக அறிவிக்கப்பட்ட பூங்கா ராயாவுக்கு அது ஒன்றுவிட்ட தங்கை; தென்கொரியாவின் தேசிய மலரும் அதுவே.

1940-களில் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு இப்பெயரை மிகுதியாக இட்டனர். எபிரேயம் பேசுவோரோ இருபாலருக்கும் இடுகின்றனர்.

நம் மொழிக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயரின் கடைசி எழுத்திலேயே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். அதனால்தான் வேதாகமத்தைத் தமிழாக்கியவர்கள் சாராள், அன்னாள், மரியாள் என்று 'ஆள்' சேர்த்தார்கள். சாரோன் இடப்பெயர் ஆகையால் அதைத் தொடவில்லை. முருகன், கண்ணன் போல 'ன்' என்று முடிவதால் தமிழ்க் காதுக்கு அது ஆண் பெயராகவே ஒலிக்கும். நாமும் ஊர்ப்பெயர் இடுகிறவர்கள்தாமே? பழனி, காசி என்றால் ஆண். 'அம்மாள்' சேர்த்தால் பழனியம்மாள், காசியம்மாள். தங்கம், ரத்தினம், பாக்கியம் ஆகியவற்றுக்கு அந்தச் சேர்க்கையும் வேண்டியதில்லை. பாக்கியம் என்ற தாத்தாவும் உண்டு, பாக்கியம் என்ற பாட்டியும் உண்டு. அவர்களை யார் கேலி செய்தார்கள்?

எனவே மகனுக்குச் சாரோன் என்று இட்டவர்கள் மாற்ற வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. அரசாங்கப் பதிவிலும் குழப்பம் வராது. பெயருக்குப் பின் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதே மகனா மகளா என்று சொல்லிவிடும். அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. கவனிக்க வேண்டியது எழுத்துக்கூட்டலைத்தான். ரோமன் எழுத்தில் 'எஸ்' மட்டுமா, 'எஸ் எச்' இரண்டுமா என்று பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து, அதன்படியே பள்ளியிலும் பதியச் சொல்லுங்கள்.