குதிரையின் வேகமும் தரையின் வேகமும்

ஒரு குதிரை 6 ஃபர்லாங் தூரத்தை 1 நிமிடம் 10 விநாடியில் ஓடி ஜெயிக்கிறது. இன்னொரு குதிரை வேறொரு நாளில் அதே தூரத்தை 1 நிமிடம் 11 விநாடியில் ஓடி ஜெயிக்கிறது. எது வேகமான குதிரை? முதல் குதிரைதான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் நாள் தரை நன்றாக இறுகிக் கிடந்து, இரண்டாம் நாள் கால் புதையும் அளவுக்கு மண் தளர்ந்து போயிருந்தால்? கடிகாரம் காட்டும் நேரத்தில் குதிரையின் வேகமும் இருக்கிறது, தரையின் வேகமும் இருக்கிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அமெரிக்கக் குதிரைப் பந்தய வரலாற்றில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் உண்டு.

ரேஸ் என்றாலே சூதாட்டம்தானே, இதில் என்ன கணக்கு என்று கேட்கலாம். 1996ல் நம் உச்ச நீதிமன்றமே சென்னை ரேஸ் தொடர்பான லட்சுமணன் வழக்கில், குதிரையின் பழைய ஓட்டம், வம்சம், ஜாக்கி, தூரம் எல்லாவற்றையும் எடைபோடுவது திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று சொல்லிவிட்டது. அந்த எடைபோடுதலை எண்ணாக மாற்றப் பார்த்தவர்களின் கதைதான் இது.

1894ல் சிகாகோவில் தொடங்கிய 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' அமெரிக்க ரேஸ் ரசிகர்களின் வேதம். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் வரி வரியாக அச்சிடும் பத்திரிகை அது. அதில் நீண்ட காலம் ஒரு வேக மதிப்பெண்ணும் வந்தது. முறை ரொம்ப எளிது. அந்தத் திடலில் அந்தத் தூரத்துக்கு அண்மை ஆண்டுகளில் பதிவான மிகச் சிறந்த நேரம் 100 புள்ளி. அதைவிட ஒவ்வொரு ஐந்தில் ஒரு பங்கு விநாடி தாமதத்துக்கும் ஒரு புள்ளி கழித்துக்கொள்ள வேண்டும். கூடவே அன்று ஜெயித்த குதிரைகள் எல்லாம் சராசரியாக எத்தனை புள்ளி குறைந்தன என்று இன்னொரு எண். அது தரையின் நிலையைச் சொல்லும் என்பது எண்ணம்.

இங்கேதான் கோளாறு. மட்டமான குதிரைகள் மட்டுமே ஓடிய ஒரு செவ்வாய்க்கிழமையில் எல்லாக் குதிரையும் மெதுவாகத்தான் ஓடும். பத்திரிகையின் எண்ணோ தரை மெதுவாக இருந்தது என்று சொல்லும்! நட்சத்திரக் குதிரைகள் ஓடும் சனிக்கிழமையில் அதே தரை வேகமானதாகத் தெரியும். தரையின் குறையையும் குதிரையின் குறையையும் இந்த எண்ணால் பிரிக்கவே முடியவில்லை.

இதைச் சரிசெய்து புகழ் பெற்றவர் ஆண்ட்ரூ பையர். ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1966ல் சாஸர் பற்றிய இறுதித் தேர்வும் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயமும் ஒரே நேரத்தில் வர, தேர்வை விட்டுவிட்டு ரேசுக்குப் போனவர். பட்டம் வாங்கவில்லை. பின்னாளில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் குதிரைப் பந்தயக் கட்டுரையாளராக இருந்தார். 1975ல் வெளிவந்த 'பிக்கிங் வின்னர்ஸ்' என்ற புத்தகத்தில் தன் முறையை ஒளிக்காமல் எழுதினார்.

அவர் செய்தது இதுதான். முதலில் ஒவ்வொரு திடலிலும் ஒவ்வொரு தரத்துக் குதிரையும் சாதாரணமாக எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று பட்டியல் போட்டார். மட்டமான குதிரைக்கு ஒரு நேரம், நல்ல குதிரைக்கு ஒரு நேரம். பிறகு ஒரு நாளின் எல்லாப் பந்தயங்களையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டார். எல்லாமே எதிர்பார்த்ததைவிட அரை விநாடி வேகம் என்றால், அந்த அரை விநாடி தரை கொடுத்த இனாம். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது குதிரை. அதோடு, குட்டைத் தூரத்தில் ஒரு விநாடிக்கு உள்ள மதிப்பு நெடுந்தூரத்தில் கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்தார். 6 ஃபர்லாங்கில் ஒரு குதிரை நீளம் பின்தங்கினால் ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி போகும். ஒரு மைலுக்கு மேல் போனால் இரண்டுக்கும் குறைவு.

இதே யோசனை பையருக்கு மட்டும் தோன்றியது என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் கணிதம் படித்து ஆசிரியராக இருந்த ஃபில் புல் 1948லேயே 'டைம்ஃபார்ம்' நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் லென் ரகோசின் என்பவர் 'ஷீட்ஸ்' என்ற பெயரில் எண்களை விற்றுவந்தார். அதில் எண் குறையக் குறையக் குதிரை உசத்தி. ஆனால் வழிமுறையைப் புத்தகமாகப் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னவர் பையர்தான்.

சொன்னதால் அவருக்கே நஷ்டம் என்பது வேடிக்கை. ரேஸில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே பானையில் சேர்ந்து, கழிவு போக ஜெயித்தவர்களுக்குப் பிரியும். ஒரு குதிரையின் பலம் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் லாபம். எல்லோருக்கும் தெரிந்தால் எல்லோரும் அதிலேயே கட்டுவார்கள், கைக்கு வருவது சொற்பம். 1991ல் 'ரேசிங் டைம்ஸ்' பத்திரிகையிலும், அது மூடப்பட்டதும் 1992 முதல் டெய்லி ரேசிங் ஃபார்மிலும் பையர் எண்கள் அச்சாகத் தொடங்கின. முன்பு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த ரகசியம் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கிய யாருக்கும் கிடைத்தது.

எண் சரியாக இருக்க முதலில் கடிகாரம் சரியாக இருக்க வேண்டுமே! 1973 பிரீக்னெஸ் பந்தயத்தில் செக்ரடேரியட் ஓடிய நேரத்தைத் திடலின் மின்னணுக் கருவி 1:55 என்று காட்டியது. அதிகாரிகள் பிறகு கைக்கடிகாரத்தை நம்பி 1:54.4 என்று மாற்றினார்கள். டெய்லி ரேசிங் ஃபார்ம் ஆட்களின் கணக்கு 1:53.4. சண்டை ஓயவே இல்லை. ஒருவழியாக 2012ல் மேரிலாண்ட் பந்தய ஆணையம் பழைய படச்சுருளை ஆராய்ந்து 1:53 என்று திருத்தியது. குதிரை இறந்தே 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பையரின் முறைக்குப் பெரிய சோதனை கடிகாரத்திலிருந்து வரவில்லை, காலடியிலிருந்து வந்தது. அவர் கணக்கு மண் தரைக்கு ஏற்றது. மண் தரையில் குதிரைகள் தொடக்கத்திலிருந்தே விரட்டி ஓடும். அதனால் மொத்த நேரம் உண்மையான பலத்தைக் காட்டும். புல் தரையில் அப்படி அல்ல. பாதித் தூரம் வரை அடக்கி ஓடிக் கடைசி இரண்டு ஃபர்லாங்கில் பாய்வார்கள். அங்கே மொத்த நேரத்தை வைத்து அதிகம் சொல்ல முடியாது. அமெரிக்காவின் பெரிய பந்தயங்களில் பெரும்பாலானவை மண்ணில் என்பதால் இது பெரிய குறையாகப் படவில்லை.

2005ல் கென்டக்கியின் டர்ஃப்வே பார்க் திடலில் 'பாலிட்ராக்' என்ற செயற்கைத் தரை போட்டார்கள். மணல், நார், ரப்பர் துணுக்கு, எல்லாவற்றின் மேலும் மெழுகுப் பூச்சு. 2006ல் கீன்லேண்ட் திடலும் மாறியது. அதே ஆண்டு கலிபோர்னியா பந்தய வாரியம், பெரிய திடல்கள் எல்லாம் 2007 முடிவதற்குள் செயற்கைத் தரைக்கு மாறியாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஓடும்போது கால் முறிந்து சாகும் குதிரைகளைக் காப்பதுதான் நோக்கம்.

எண் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றியது. 2007 ஏப்ரலில் கீன்லேண்டில் புளூகிராஸ் பந்தயம். முதல் அரை மைல் ஓட 51 விநாடிக்கு மேல் ஆனது. மண் தரையில் இந்தத் தரக் குதிரைகளுக்கு 47, 48 விநாடி சாதாரணம். ஸ்ட்ரீட் சென்ஸ் என்ற குதிரை அதில் மூக்கு நுனியில் தோற்றது. மூன்று வாரம் கழித்து அதே குதிரை மண் தரையில் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. 2008ல் சான்டா அனிட்டாவின் செயற்கைத் தரையில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் நடந்தபோது, மண்ணில் அசைக்க முடியாத கர்லின் நான்காவதாக வந்தது. முதல் இரண்டு இடங்களும் புல் தரையில் பேர் வாங்கிய ஐரோப்பியக் குதிரைகளுக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெழுகு வெயிலில் இளகும். டெல் மார் திடலில் காலைப் பயிற்சியில் ஒரு வேகம், மதியப் பந்தயத்தில் வேறு வேகம் என்று பயிற்சியாளர்கள் புலம்பினார்கள். ஒரு நாளைக்குத் தரை ஒரே மாதிரி இருக்கும் என்பதுதானே பையர் கணக்கின் அஸ்திவாரம்! அதுவே ஆட்டம் கண்டது.

சான்டா அனிட்டாவில் மழைநீர் வடியாமல் பந்தய நாட்களே ரத்தாயின. பந்தயம் கட்டுபவர்கள், பயிற்சியாளர்கள் பலருக்கும் செயற்கைத் தரை பிடிக்கவில்லை. 2010 கடைசியில் சான்டா அனிட்டா, 2014ல் கீன்லேண்ட், 2015ல் டெல் மார் என்று ஒவ்வொன்றாக மண்ணுக்குத் திரும்பின.

ஆனால் இன்னொரு எண்ணும் இருந்தது. பத்திரிகையில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் வராத எண். ஜாக்கி கிளப் 2009 முதல் சேர்த்த விவரப்படி, முதல் ஐந்தாண்டுகளில் 1000 ஓட்டங்களுக்கு மண் தரையில் சுமார் 2 குதிரைகள் இறந்தன. செயற்கைத் தரையில் சுமார் 1.2. பராமரிப்புக் கஷ்டமும் மழைநீரும் உண்மையான காரணங்கள்தான். என்றாலும், கணிக்க முடியவில்லை என்ற புகார் ஒலித்த அளவுக்கு இந்த எண் பேசப்படவில்லை. மண்ணுக்குத் திரும்பிய சான்டா அனிட்டாவில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை 30 குதிரைகள் இறந்தன. இடையில் பந்தயங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று.

டர்ஃப்வே பார்க் செயற்கைத் தரையை விடவில்லை. 2020ல் 'டபேட்டா' என்ற புதிய வகையைப் போட்டது. அங்கே ஓடிய குதிரைகளை டெர்பி நாளில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. 2011ல் அங்கே ஜெயித்து, மண்ணில் ஒருமுறைகூட ஓடாமல் வந்த அனிமல் கிங்டம் 20க்கு 1 என்ற விலையில் டெர்பியை ஜெயித்தது. 2022ல் டர்ஃப்வேயில் மூன்றாவதாக வந்த ரிச் ஸ்ட்ரைக் 80க்கு 1 விலையில் ஜெயித்தது. அடுத்த ஆண்டு டர்ஃப்வேயில் ஜெயித்த டூ ஃபில்ஸ், டெர்பியில் ஒரு நீளத்தில் இரண்டாவதாக வந்தது.