பிறந்த நாளும் பிறந்த ஆண்டும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி ஆண்டுதோறும் மாசித் திங்களில் மக நட்சத்திரத்தை ஒட்டி நடைபெறுகின்றது. அயலிலுள்ள தோட்டங்களிலிருந்து வரும் முதியவர்க்குத் தேதி சொல்ல வேண்டுவதில்லை. மாசி மகம் என்றாலே போதும். திங்களும் நட்சத்திரமும் கூடியே அவர்க்கு நாளாகின்றது. தம் பிறந்த நாளையும் தமிழர் நெடுங்காலம் இம்முறையிலேயே வைத்துப் போற்றினர்.

'நாள்' என்னும் சொல், பகலும் இரவும் கூடிய பொழுதை மட்டும் குறிப்பதன்று, நட்சத்திரத்தையும் குறிக்கும். பண்டையோர் வானத்து ஒளிகளை நாண்மீன், கோண்மீன் எனப் பிரித்தனர். அசுவினி முதலிய 27 நட்சத்திரங்களும் நாண்மீன்களாம். ஆகவே பிறந்த நாள் என்பது முதற்கண் பிறந்த நட்சத்திரமே. மலையாள நாட்டில் அந்நட்சத்திரம் திங்கள்தோறும் வரும் நாளையும் 'பக்கப் பிறந்நாள்' என்று வழங்குவது இதற்குத் தக்க சான்று.

தொல்காப்பியப் புறத்திணையியல் அரசனது பிறந்த நாட் சிறப்பைப் 'பெருமங்கலம்' எனக் குறிக்கின்றது. புறப்பொருள் வெண்பாமாலை அதனை 'நாண்மங்கலம்' என்கின்றது. அன்று மன்னன் சினந் தணிந்து, சிறைப்பட்டோரை விடுத்து, வெண்ணிற ஆடையணி பூண்டிருப்பான். அதனால் 'வெள்ளணி நாள்' என்ற பெயரும் உண்டாயிற்று. முதலாம் இராசராசனின் நாள் சதயம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் சதயத் திருவிழாவைக் கூறுகின்றன. அவன் பிறந்த ஆண்டோ பிற்காலத்தார் கணிப்பினாற் கூறுவதேயாகும்.

பேரரசனுக்கே இந்நிலையாயின், கோப்பித் தோட்டத்துக்கு வந்த தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்த அம்மக்கள், பிள்ளையின் நட்சத்திரத்தை மறவாது வைத்திருந்தனர். பெயர் சூட்டவும் மணப்பொருத்தம் பார்க்கவும் அதுவே தேவைப்பட்டது. ஆண்டின் பெயரை அறிந்தவர்க்கும் ஓர் இடர் உண்டு. பிரபவ முதலிய பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. எந்தச் சுற்று என்பதைப் பெயர் சொல்லாது.

இலங்கையில் பிறப்புப் பதிவுக்கான சட்டம் 1867இல் வந்தது. பதிவு கட்டாயமானது 1897இலேதான். இவ்விரு ஆண்டுகளையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடியுரிமை பெறுவதற்கு, அவர் தந்தை இந்நாட்டிற் பிறந்தவராதல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோராதல் வேண்டும். 1948இல் முப்பது வயதான தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் தந்தை பெரும்பாலும் பதிவு கட்டாயமாவதற்கு முன் பிறந்தவர். பாட்டன் பிறந்த காலத்திற் பதிவேடே இருந்திருக்குமோ என்பது ஐயம். பூட்டன் காலத்தில் இல்லை என்பது உறுதி. இல்லாத ஏட்டிலிருந்து எங்ஙனம் அத்தாட்சிப் பத்திரம் பெறுவது? சட்டம் வரைந்தவர்கள் இதை அறியாதிருந்தனர் என்று நம்புவது கடினம்.

தந்தையார் ஆவணி அவிட்டத்திற் பிறந்தவர் என்று மகன் தெளிவாகச் சொல்லலாம். சோதிடர்க்கு அது முழு விடை. அதிகாரிக்கோ அது விடையே அன்று. அவர் கேட்டது ஆண்டும் இடமும் அவற்றுக்குரிய பத்திரமும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் வேறொரு வழியைத் திறந்ததாயினும், அங்கும் பல்லாண்டு இடையறாது வசித்தமைக்குச் சான்று கேட்கப்பட்டது. வீடும் நிலமும் தமக்கெனப் பெறாது லயத்தில் வாழ்ந்தவர்க்கு அதுவும் எளிதன்று.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இக்கேள்வியை மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறலாயினர். அத்தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள். பூட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கப்படவில்லை. அதற்குள் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தையின் நட்சத்திரத்தை மட்டும் அறிந்திருந்தோரிற் பலர் அதைக் காண இருக்கவில்லை.