தில்லை மரமும் கழிமுகக் காவலரும்

திருத்தலங்களை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றாலும் சிறப்பித்து உரைப்பது நம் முன்னோர் மரபு. இம்மூன்றனோடும் ஒருங்கு வைத்து எண்ணப்படுவது தலவிருட்சம். திருவானைக்காவிற்கு வெண்ணாவலும், கச்சி ஏகம்பத்திற்கு மாவும், ஆலவாய்க்குக் கடம்பும், குற்றாலத்திற்குக் குறும்பலாவும் உரியன என்பதை அன்பர் யாவரும் அறிவர். மரத்தின் பெயரே ஊரின் பெயராக நிலைத்த தலங்களும் பல உள. அவற்றுள் தலையாயது தில்லை. கோயில் என்ற அளவிலேயே சைவ உலகம் குறிக்கும் சிதம்பரம், தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்தமையால் தில்லைவனம் எனப் பெயர் பெற்றது. புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர், வண்டு தீண்டுமுன் மலர் கொய்து பூசனை புரிய வேண்டி, மரம் ஏறுதற்கு உதவும் புலியின் காலும் நகமும் வேண்டிப் பெற்றதும், பதஞ்சலி முனிவரோடு ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டு களித்ததும் இவ்வனத்திலேயே என்பது தலவரலாறு. உமாபதி சிவாசாரியார் அருளிய கோயிற்புராணம் இதனை விரித்துரைக்கும்.

இத்துணைப் பெருமை வாய்ந்த தில்லை எத்தகைய மரம்? பூசைக்கு மலர் தரும் கொன்றை போன்றதன்று. கனி தரும் மாவையோ நாவலையோ ஒத்ததன்று. உப்பங்கழியின் ஓரத்தே வளர்வது. கிளையை ஒடித்தாலும் இலையைக் கிள்ளினாலும் வெண்மையான பால் வடியும். அப்பால் மேனியில் பட்டாற் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டாற் சில காலம் பார்வையே மங்கிவிடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இலைகள் உதிருமுன் செந்நிறம் கொண்டு காடே தீப்பற்றியது போலத் தோன்றும். தரிசித்த அளவிலே முத்தி தரும் தலம் தில்லை என்பர் பெரியோர். காண முத்தி தரும் அத்தலத்திற்குக் கண்ணை மறைக்கும் பாலுடைய மரம் பெயர் தந்தது வியப்பன்றோ!

சங்கச் சான்றோரும் இம்மரத்தை நன்கறிவர். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய மலர்களுள் தில்லையும் ஒன்று. கழியில் மீனுண்ட நீர்நாய்க் குட்டி தில்லைப் பொதும்பிற் சென்று துயில்வதை நற்றிணைப் பாட்டொன்று காட்டுகிறது. கடற்கழியும் தில்லையும் பிரியாதன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆதலின், தில்லைவனம் என்றது புராணக் கற்பனை அன்று. கொள்ளிடத்தின் கழிமுக நிலத்திற்கு இயல்பாக உரிய காட்டையே அப்பெயர் குறித்தது எனக் கொள்ளுதல் தகும்.

இன்று சிதம்பர நகரில் அக்காட்டைக் காண இயலாது. காண விழைவோர் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று கிள்ளையை அடுத்த பிச்சாவரத்தை அடைதல் வேண்டும். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலிற் கலக்கும் முகங்களின் இடையே, 1,100 ஹெக்டேர் அளவில், எண்ணற்ற கால்வாய்களாற் பிரிக்கப்பட்ட சிறு தீவுகளாக அக்காடு பரந்து கிடக்கிறது. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதும் இந்தக் கிள்ளைக் கடற்கரைக்கே. அங்குள்ள இஸ்லாமியப் பெருமக்களும் பெருமாளுக்கு மரியாதை செய்து வரவேற்பது நெடுநாளைய வழக்கம்.

அலையை ஆற்றுவது என்னும் பொருளில் இவ்வகைக் காட்டை அலையாத்திக் காடு என்பர். அதில் தில்லை தனித்து வாழ்வதில்லை. நீரோரத்தில் நிற்பது சுரபுன்னை. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டி போல் நீண்டு, பின் சேற்றில் வீழ்ந்து ஊன்றும். அதற்குப் பின்னே நிற்பது வெண்கண்டல். சேற்றுக்கு மேலே எழுதுகோல் போன்ற வேர்களை நிறுத்தி மூச்சுவிடுவது அது. உண்ட உப்பை இலைவழியே கக்கிவிடும் ஆற்றலும் அதற்கு உண்டு. இவற்றுக்கும் அப்பால், நிலத்தை நோக்கிய மேட்டு விளிம்பில், நன்னீர் சற்றே கலக்கும் இடத்தில் நிற்பது தில்லை. இறாலும் நண்டும் மீனும் தம் இளம் பருவத்தை இவ்வேர்களின் நிழலிற் கழிக்கின்றன. காடு அழிந்தால் வலை வறளும் என்பதைக் கழிக்கரை வாழ்வார் கல்லாமலே அறிந்திருந்தனர்.

வங்கத்துச் சுந்தரவனத்திலும் இதே தில்லை மிகுதியாக உண்டு. அங்கே அதற்குக் கேவா என்று பெயர். 1959 ஆம் ஆண்டு தோன்றி 2002 இல் மூடப்பட்ட குல்னாக் காகித ஆலை, அம்மரத்தை அரைத்துச் செய்தித்தாள் ஆக்கியது. ஒரு நாட்டிற் கோயிலுக்குப் பெயர் தந்த மரம் மற்றொரு நாட்டில் நாளிதழாயிற்று!

பிச்சாவரத்துக் காட்டிற்கு வந்த இடர் வேறு வகையினது. ஆங்கிலேயர் ஆட்சியில் இது காப்புக்காடாக்கப்பட்டது. அதன்பின் காட்டைக் கூப்புகளாகப் பகுத்து, முறைவைத்து ஒவ்வொரு கூப்பையும் அடியோடு வெட்டி எடுக்கும் வழக்கம் ஏற்பட்டு, 1970களை ஒட்டி நின்றது. மலைக்காட்டில் இவ்வாறு வெட்டிய இடம் மீண்டும் தழைக்கும். கழிக்காடோ அவ்வாறு தழைக்கவில்லை. நிழல் நீங்கிய சேறு வெயிலில் உலர்ந்தது. ஈரம் நீங்கவே நிலம் தாழ்ந்து தொட்டி போல் ஆயிற்று. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் வடிய வழியின்றி அத்தொட்டியில் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, எஞ்சிய உப்பு மண்ணில் மிகுந்துகொண்டே போயிற்று. எந்த விதை வீழ்ந்தாலும் அங்கே முளைக்கவில்லை. காட்டின் நடுவே வழுக்கை வீழ்ந்தாற் போன்று வெற்றிடங்கள் விரிந்தன. மேலே ஆற்றில் அணைகள் எழுந்ததனால், சிறப்பாக 1934 இல் மேட்டூர் அணை முடிந்தபின், கொள்ளிடத்தில் வரும் நன்னீரும் குறைந்தது.

காடு தேய்வதற்குக் காரணம் யார் என்ற வினாவிற்கு நெடுங்காலம் ஒரே விடைதான் கூறப்பட்டது: விறகு வெட்டும் ஏழைகளும், மாடு மேய்ப்போருமே காரணம் என்பது. அவர்கள் வெட்டவில்லை, மேய்க்கவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் பெருங்கேடு விளைத்தது முறையாகத் திட்டமிட்டுச் செய்த வெட்டே என்பது பிற்காலத்து ஆய்வில் தெளிவாயிற்று. கும்பகோணத்திற் பிறந்த வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988 இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு வனத்துறையோடு கூடி இக்காட்டை ஆராய்ந்து இம்முடிவிற்கு வந்தது. எளியோர்மேல் ஏற்றப்பட்ட பழி இறங்கியது என்பதே அவ்வாய்வின் பெரும்பயன் எனலாம். ஏனெனில், பழி சுமந்தவரைக் காவலராக ஆக்குதல் ஒருபோதும் இயலாது.

நோய் இன்னதென்று தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. தொட்டி போன்ற நிலத்தினூடே ஒரு பெருங்கால்வாயும், அதன் இருமருங்கும் மீன்முள் போலச் சாய்ந்து பிரியும் சிறு கால்வாய்களும் வெட்டப்பட்டன. மேலே அகன்றும் கீழே குறுகியும் அமைந்த அக்கால்வாய்களின் வழியே ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கியது. உப்பு கழுவுண்டு நீங்கியது. கால்வாய்ச் சரிவுகளிற் பெரும்பாலும் வெண்கண்டற் கன்றுகள் நடப்பட்டன. இவ்வேலைக்கு மண்வெட்டி எடுத்தவர்கள் வெளியூரார் அல்லர். காட்டை அழித்தவர் எனப் பழிக்கப்பட்ட அதே ஊர்களின் ஆடவரும் மகளிருமே. கனடா நாட்டு உதவியும் கிடைத்தது. ஊர்தோறும் மன்றம் கூட்டப்பட்டு, எங்கே நடுவது, எவ்விடத்தில் மேய்ச்சலை நிறுத்துவது, விறகிற்கு மாற்று யாது என்பனவெல்லாம் வனத்துறையாரோடு ஒருங்கிருந்து முடிவு செய்யப்பட்டன. காட்டைக் காக்கும் ஊருக்குக் குடிநீரும் பாதையும் தொழிலும் வேண்டும் என்பதும் அம்மன்றங்களிற் பேசப்பட்டது.

இவ்வூர்களுள் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். நகர் தனித்துக் குறிக்கத்தக்கது. அங்கு வாழ்வோர் இருளர். படகும் வலையும் இல்லாத அம்மக்கள், கழியில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பர். பனையோலைப் பறியைப் பல்லாற் கவ்விக்கொண்டு, மார்பளவு நீரில் மணிக்கணக்காக நகர்ந்து செல்லும் மகளிரின் காட்சியை அங்குச் சென்றவர் எளிதில் மறவார். இருளர் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவரே. எனினும் கடற்கரை இருளரிற் பலர் அதற்குரிய சான்றிதழின்றி நெடுநாள் அல்லலுற்றனர். சான்றிதழ் இன்மையாற் பிள்ளைகளின் படிப்பும் தடைப்பட்டது. காட்டுப் பணி தொடங்கியபின் குடியிருப்பிலேயே தொடக்கப் பள்ளி ஏற்பட்டது. படகும் வலையும் கிடைத்தன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அமைந்து, சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு மீன் விற்பனை முதலிய சிறு தொழில்களில் இறங்கினர். அதுகாறும் வட்டிக்குக் கொடுத்தவனிடமே மீனையும் விற்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு இஃது எத்துணைப் பெரிய விடுதலை என்பதை விளக்கவும் வேண்டுமோ? இன்னொருபால், காட்டைக் காண வருவோரைத் துடுப்புப் படகில் ஏற்றிச் செல்லும் தொழிலும் அவ்வட்டாரத்தார்க்குக் கை கொடுத்தது. 1975 இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டமையால், தில்லைவனம் என்ற பெயரையே கேளாதவரும் பிச்சாவரத்தை அறிந்திருந்தனர்.

2004 டிசம்பர் 26. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட மணல் திட்டிலே எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு முதலிய மீனவக் குடியிருப்புகள் இருந்தன. அவற்றுக்கும் கடலுக்கும் இடையே காடு இல்லை. அங்கு வீடுகள் சிதைந்தன. பல உயிர்கள் போயின. காட்டிற்குப் பின்னே இருந்த எம்.ஜி.ஆர். நகர் முதலிய ஊர்களிலோ நீர் தளர்ந்தே வந்தது, அவை பிழைத்தன. ஒருவர் பெயரையே பூண்ட இரண்டு குடியிருப்புகள். இடையே நின்றது கண்டலும் சுரபுன்னையும் தில்லையும்! கடலூர் மாவட்டத்துக் கரையை ஆராய்ந்து, மரச்செறிவு மிக்க இடங்களிற் சேதம் குறைந்தது என்று 2005 இல் ‘சயன்ஸ்’ இதழில் அறிஞர் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே பெருங்காரணம் என்று மறுத்த அறிஞரும் உளர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு எனக் கொள்வதே நேர்மை. ஆயினும் அன்று காட்டிற்குப் பின்னே நின்று உயிர் தப்பியவரிடம் சென்று இவ்வழக்கை உரைப்பார் எவரும் இரார்.

1987 ஆம் ஆண்டின் செயற்கைக்கோட் படங்களையும் 2002 இன் படங்களையும் ஒப்பிட்டு நோக்கியபோது, பிச்சாவரத்தில் மரம் அடர்ந்த பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியிருப்பது தெரிந்தது. 2022 இல், ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிற் பிச்சாவரம் சேர்க்கப்பட்டது.

இவ்வளவோடு பணி முடிந்துவிட்டதாகக் கருதுவதற்கில்லை. மீன்முள் கால்வாய்கள் திருக்குளங்களைப் போன்றவை. தூர் வாராவிடிற் சில ஆண்டுகளில் மேடிட்டுப் போகும், உப்பு மீண்டும் ஏறும். வெளியார் உதவி ஒரு காலத்தோடு நிற்கும். தூரோ ஆண்டுதோறும் சேரும். அதனை வாருவோர்க்குக் கூலி எங்கிருந்து வருவது என்பதே ஊர் மன்றங்களின் முன் நிற்கும் கேள்வி.

மற்றொன்றும் உண்டு. மீண்டு தழைத்த பரப்பில் மிகுதியாக நிற்பது வெண்கண்டல். கடும் உப்பையும் தாங்குவது அது. தில்லையோ நன்னீரின் சேர்க்கையை நாடுவது. தன் மூன்று பிளவுள்ள காய் வெடித்தபின், நீரில் மிதக்கும் சிறு விதைகளை அது கழியில் விடுகிறது. அவ்விதைகள் கரை சேர்ந்து முளைப்பதற்கு வேண்டிய நன்னீர், கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில்தான் பிச்சாவரத்தை எட்டுகிறது.