மனித மோனோகுளோனல் எதிர்ப்பொருள்: உயிரணு இணைப்பு முறைகள்

எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி-லிம்போசைட் என்னும் வெள்ளணு உடலை விட்டுப் பிரிந்தால் சில தினங்களில் மடிந்துபோகும். புற்றுநோய் உயிரணுவோ, ஊட்டம் கிடைக்கும் வரையில் ஓயாது பெருகிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, சுரக்கும் சக்தியும் சாகாத் தன்மையும் ஒருங்கே வாய்ந்த கலப்பு உயிரணுவை உண்டாக்குவதே ஹைப்ரிடோமா முறையாகும். அத்தகைய ஒரே உயிரணுவின் வழிவந்தவை சுரக்கும் ஒரேவகை எதிர்ப்பொருளே மோனோகுளோனல் எதிர்ப்பொருள்.

செண்டாய் வைரஸ் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணையச் செய்யும் என்பதை ஒசாகாவில் ஒக்காடா என்னும் ஆய்வாளர் 1950களின் பிற்பகுதியிலேயே கண்டிருந்தார். அதனையே துணையாகக் கொண்டு கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனும் ஜியார்ஜ் கோலரும், செம்மறியாட்டின் சிவப்பணுக்கள் செலுத்தப்பட்ட சுண்டெலியின் மண்ணீரல் அணுக்களை மயலோமா என்னும் புற்றணுக்களோடு இணைத்து, 1975ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இணையாது எஞ்சும் மயலோமா அணுக்களை ஒழிக்கும் உபாயமே இம்முறையின் ஜீவநாடி எனலாம்: அமினாப்டெரின் கலந்த ஊடகத்தில் டி.என்.ஏ. உற்பத்தியின் பிரதான வழி அடைபட்டுவிட, மாற்றுவழிக்குரிய நொதி இல்லாத மயலோமா அழிகிறது. அந்நொதியை மண்ணீரல் அணுவிடமிருந்து சுவீகரித்துக்கொண்ட கலப்பணு மட்டும் பிழைக்கிறது. பிற்பாடு வைரஸின் ஸ்தானத்தைப் பாலிஎத்திலீன் கிளைக்காலும், சில ஆய்வுக்கூடங்களில் மின்துடிப்பும் பெற்றன. நோய்த்தடுப்பியல் அறிஞர் ஜெர்னேயுடன் சேர்த்து மில்ஸ்டைனுக்கும் கோலருக்கும் 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுண்டெலியின் எதிர்ப்பொருளை நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் உடல் அதனையே அந்நியப் பொருளாகப் பாவித்து எதிர்க்குமாதலின், மனித எதிர்ப்பொருளே வேண்டியதாயிற்று. 1980இல் ஸ்டான்போர்டில் ஓல்சனும் காப்லனும், ஹாட்ஜ்கின் நோயாளிகளின் மண்ணீரல் அணுக்களை மனித மயலோமாவோடு இணைத்தனர். அவ்வாண்டிலேயே பிலடெல்பியாவில் குரோச்சியின் குழுவினர் தட்டம்மை வைரஸுக்கு எதிரான மனித எதிர்ப்பொருளைப் பெற்றனர். ஆயினும் இவ்வழி எளிதில் செழிக்கவில்லை. வேண்டிய கிருமியை வேண்டியபோது மனிதனுக்குச் செலுத்திப் பரீட்சித்தல் தகாது. மண்ணீரல் கிடைப்பதோ அபூர்வம். நல்ல மனித மயலோமாக்கள் மிகச் சில. சுண்டெலி மயலோமாவோடு இணைத்தாலோ கலப்பணு மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக இழந்துவிடும். எப்ஸ்டைன்-பார் வைரஸால் லிம்போசைட்டுகளை முதலில் நிலைபெறச் செய்து பின்னர் இணைப்பதும், மனித-சுண்டெலிக் கலப்பு மயலோமாவைக் கூட்டாளியாக்குவதும் இவற்றுக்குக் கண்ட பரிகாரங்கள். இரண்டாவது வழியில் பிறந்த சென்டாக்சின் என்னும் மருந்து, இரத்த நச்சேற்றத்துக்கு அருமருந்தாகப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டிருந்தும், சோதனையில் ஒரு சாராரிடையே மரணம் கூடுதலாகத் தென்பட்டமையால் 1993இல் நிறுத்தப்பட்டது.

ஆக, இடர்ப்பாடு இணைப்பு வித்தையில் இல்லை, வேண்டிய மனித லிம்போசைட்டைப் பெறுவதிலும் மனிதக் கூட்டாளி அணுவிலுமேதான் இருந்தது என்று கொள்வதே பொருந்தும். ஏனெனில் 1994இல் மனித எதிர்ப்பொருள் மரபணுக்கள் புகுத்தப்பட்ட சுண்டெலிகள் உருவானபின், அவற்றின் மண்ணீரலைச் சுண்டெலி மயலோமாவோடு இணைக்கும் பழைய முறையே மறுபடியும் கைகொடுத்தது. பெருங்குடற் புற்றுக்கென 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பானிட்டுமுமாப் அவ்வகைச் சுண்டெலியிலிருந்து கிடைத்ததே.