நான்கு நாள் காத்திருந்த சமாதான அழைப்பு

பொது ஒலிபரப்பு நிறுவனம் யாருக்குக் கடமைப்பட்டது? உரிமம் வழங்கும் அரசுக்கா, கட்டணம் செலுத்திக் கேட்கும் மக்களுக்கா? இவ்வினா எழும்போதெல்லாம் 1926ஆம் ஆண்டு மே மாதத்து இங்கிலாந்தை நாம் நினைவுகூர்வது நலம்.

நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்கள் ஊதியத்தைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முற்பட்டனர். சுரங்கத் தொழிலாளருக்குத் துணையாகப் பிற தொழிலாளரும் மே 3 நள்ளிரவு முதல் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அச்சகங்கள் முடங்கின. நாளிதழ்கள் பெரும்பாலும் நின்றுபோன அந்நாள்களில், நாடெங்கும் செய்தி சுமந்து சென்றது நான்கு வயதும் நிரம்பாத பி.பி.சி. வானொலியே.

அப்போது அது வானொலிப்பெட்டி உற்பத்தியாளர்கள் கூடி அமைத்த கம்பெனி. அஞ்சல்துறை அமைச்சர் அளித்த உரிமத்தின்கீழ் இயங்கியது. நெருக்கடி வேளையில் நிலையங்களை அரசு கைப்பற்ற அவ்வுரிமம் இடமளித்தது. நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் அவ்வாறே செய்ய வற்புறுத்தினார். பிரதமர் பால்ட்வின் தயங்கினார். கம்பெனியை நடத்திய ஜான் ரீத்தின் தலைமேல் அந்தக் கத்தி தொங்கிக்கொண்டே இருந்தது.

மே 7 அன்று கான்டர்பரி ஆங்கிலிக்கன் பேராயர் ரேண்டல் டேவிட்சன், பிற சபைத் தலைவர்களோடு கலந்து ஒரு சமாதான அழைப்பை உருவாக்கினார். வேலைநிறுத்தம் கைவிடப்பட வேண்டும். சுரங்கத் தொழிலுக்கான உதவித்தொகையை அரசு தொடர வேண்டும். உரிமையாளர்கள் புதிய ஊதிய விகிதங்களைத் திரும்பப் பெற வேண்டும். இம்மூன்றும் ஒரே வேளையில் நிகழ வேண்டும் என்பதே அதன் சாரம். அதனை ஒலிபரப்ப ரீத் மறுத்தார். அரசு விரும்பாத ஒன்றை ஒலிபரப்பினால் நிலையமே பறிபோகும் என்பது அவரது அச்சம். எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கும் வானொலியில் இடம் கிட்டவில்லை. பிரதமரோ மே 8 அன்று ரீத்தின் இல்லத்திலிருந்தே நாட்டு மக்களுக்கு உரையாற்றினார்.

கத்தோலிக்கராகிய நம்மைச் சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சி மறுநாள் நடந்தது. ஞாயிறு மறையுரையில் வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் பிரான்சிஸ் போர்ன், இவ்வேலைநிறுத்தம் கடவுளுக்கு நாம் செலுத்தவேண்டிய கீழ்ப்படிதலுக்கு எதிரான பாவம் என்றார். அக்கருத்துக்குத் தடை ஏதும் இல்லை. அது எங்கும் பரப்பப்பட்டது. ஆங்கிலிக்கன் பேராயரின் அழைப்போ மே 11 வரை காத்திருந்தது. மறுநாள் வேலைநிறுத்தமே முடிவுற்றது. அரசுக்கு உகந்த மறையுரை உடனே ஒலிக்க, இரு தரப்பையும் இறங்கிவரக் கேட்ட குரல் வாயிலில் நிறுத்தப்பட்டதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1927 சனவரி 1இல் பி.பி.சி. அரச பட்டயம் பெற்ற பொதுக் கழகமாயிற்று. அதன் ஆளுநர்கள் ஐவர். எனினும் சர்ச்சைக்குரியவற்றைப் பேசலாகாது என்ற தடை 1928 வரை நீடித்தது. குறிப்பிட்ட செய்தியை ஒலிபரப்பாதே என ஆணையிடும் அதிகாரமும் அரசிடமே இருந்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டே 1988 முதல் 1994 வரை வட அயர்லாந்தின் சின் பெய்ன் முதலிய அமைப்பினரின் குரல்கள் தடுக்கப்பட்டன. நடிகர்கள் அவர்தம் சொற்களைப் பேசிக்காட்டினர்! 2017இல் நடைமுறைக்கு வந்த பட்டயம் நடுநிலையான செய்தியை முதல் நோக்கமாக வகுத்தது. கண்காணிக்கும் பொறுப்பு ஆப்காம் என்னும் தனி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டம் வேலியாகலாம், வேலியே பயிராகிவிடாது. ரீத் தம் நிறுவனத்தைக் காப்பாற்றினார் என்பது உண்மை. ஆனால் எதற்காக அது காப்பாற்றப்பட வேண்டுமோ, அக்கடமையை அந்த நான்கு நாள்கள் ஒத்திவைத்தார் என்பதும் உண்மையே. நமக்கு உவப்பான குரல் மட்டும் ஒலிக்கும்போது மகிழ்ந்திராமல், ஒலிக்காத குரல் எதுவெனக் கேட்பதே கேட்போராகிய நமது கடமை அன்றோ!