அமெரிக்க வேலையின்மைக் காப்பீடு: கிரீன் கார்டு பெற்றவர்களின் உரிமையும் விண்ணப்ப முறையும்

அமெரிக்காவில் தம் தவறு ஏதுமின்றி வேலை இழந்தவருக்கு, அடுத்த வேலை கிடைக்கும் வரை குறிப்பிட்ட வாரங்களுக்குப் பணம் வழங்கும் அரசுத் திட்டம் வேலையின்மைக் காப்பீடு. இதற்கான முதல் சட்டத்தை 1932-இல் விஸ்கான்சின் மாநிலம் இயற்றியது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. பொது விதிகளை மத்திய அரசு வகுக்க, திட்டத்தை மாநிலங்களே நடத்துவதால் தொகையும் காலமும் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரங்கள். கலிபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர்.

நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அதாவது கிரீன் கார்டுக்காரர்கள், இந்தக் காப்பீட்டில் குடிமக்களுக்கு நிகரானவர்கள். அப்படியிருந்தும் வேலை போன பலர் விண்ணப்பிக்கவே அஞ்சுகிறார்கள். அரசுப் பணம் வாங்கினால் 'பப்ளிக் சார்ஜ்', அதாவது அரசுக்குச் சுமை என்று முத்திரை விழுந்து, பிற்பாடு குடியுரிமைக்குத் தடை வரும் என்பது அவர்களின் கவலை. அதற்கு அடிப்படை இல்லை. இந்த நிதி, முதலாளிகள் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் கட்டும் வரியிலிருந்து வருகிறது. அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் தொழிலாளரின் சம்பளத்திலும் ஒரு பங்கு பிடிப்பார்கள். உழைத்துச் சம்பாதித்த காப்பீடு என்பதால் குடிவரவுத் துறை இதைப் பப்ளிக் சார்ஜ் கணக்கில் சேர்ப்பதில்லை. வறுமையை அளந்து தரும் உதவி அல்ல என்பதால், 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சில உதவிகளுக்கு விதித்த ஐந்தாண்டுக் காத்திருப்பும் இதற்குக் கிடையாது. ஸ்பான்சர் செய்த உறவினரிடம் இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள்.

தகுதியைப் பெரும்பாலும் பழைய வருமானம் தீர்மானிக்கிறது. முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கு காலாண்டுகளின் சம்பளத்தையே வழக்கமாகக் கணக்கில் எடுப்பார்கள். 2025 மே மாதம் விண்ணப்பித்தவருக்கு 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சம்பளம் கணக்கில் வரும். அந்த ஆண்டில் பாதி நாள் எச்-1பி விசாவில் வேலை பார்த்துப் பிறகு கிரீன் கார்டு பெற்றவருக்கும் முழு ஆண்டுச் சம்பளமும் சேரும். வேலை பார்த்த நேரத்தில் அதற்குரிய சட்டபூர்வ அனுமதி இருந்தால் போதும்.

விண்ணப்பத்தை வேலை பார்த்த மாநிலத்தின் இணையதளத்தில் அல்லது தொலைபேசியில், வேலை போன வாரமே போடுவது நல்லது. 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்றொரு கேள்வி அதில் வரும். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிடக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது நாடுகடத்தலுக்கே காரணமாகக்கூடிய குற்றம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. 'இல்லை' என்று குறித்துவிட்டு, அட்டையில் 'யூஎஸ்சிஐஎஸ்' எண் என்று அச்சிட்டிருக்கும் ஒன்பது இலக்க எண்ணைத் தர வேண்டும். மாநில அலுவலகம் அதை 'சேவ்' என்னும் மத்திய அரசின் கணினி முறை வழியாகச் சரிபார்க்கும்.

தமிழர்கள் பலருக்குச் சிக்கல் எழுவது இந்த இடத்தில்தான். ஓர் ஆவணத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். இன்னொன்றில் வெறும் இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவருக்கு, முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் 'எஃப்என்யூ' என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் கணினி உடனே பதில் தராது. அட்டையின் இரு பக்க நகலைக் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். விளக்கம் தர வாய்ப்பளிக்காமல், குடிவரவு நிலையைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கிரீன் கார்டின் தேதி முடிந்திருந்தாலும் பொதுவாக வசிப்புரிமை முடிந்துவிடுவதில்லை. புதுப்பிக்க ஐ-90 படிவம் போட்டதற்கான ரசீதையும் சேர்த்து அனுப்பலாம்.

பணம் தொடர்ந்து வர, வேலை தேடினேன், வேலைக்குத் தயாராக இருந்தேன் என்று வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ உறுதி தர வேண்டும். வேலைதான் இல்லையே, ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புவது இயல்பு. ஆனால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த வாரங்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. பயணத்தை மறைத்து வாங்கினால் அது மோசடி. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதோடு, மத்திய சட்டப்படி குறைந்தது 15 விழுக்காடு அபராதமும் உண்டு. குடிவரவுக் கோப்பிலும் அது கறையாக நிற்கும்.

கிடைக்கும் தொகைக்கு மத்திய வருமான வரி உண்டு. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம்; அதற்கான கெடு கலிபோர்னியாவில் 30 நாட்கள், டெக்சஸில் 14 நாட்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் வாராந்திர உறுதிமொழியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், வழக்கு சாதகமாக முடிந்தாலும் அந்த வாரங்களுக்கான பணம் கிடைக்காமல் போகலாம்.