அரிவாள் செல்லும் சீகூர் கொசுவும்: ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை

அரூர்ல பொதுத்தேர்வு நெருங்கினா என் கிளினிக்குக்கு ரெண்டு வகையான பிள்ளைங்க வருவாங்க. தூக்கமில்லாம தலைவலியோட வர்றவங்க ஒரு வகை. விலங்கியல் புத்தகத்தோட வந்து "டாக்டர், இது மட்டும் புரியல"ன்னு உக்கார்றவங்க இன்னொரு வகை.

போன வாரம் சித்தேரி மலையிலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு பொண்ணு கேட்டது இது: "தகுதி இல்லாததை இயற்கை ஒதுக்கிடும்னு பரிணாமப் பாடத்துல இருக்கு. அப்புறம் அரிவாள் செல் மாதிரி ஆளைக் கொல்ற ஜீன் ஏன் சார் இன்னும் ஒழியல?"

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளே பல வருஷம் மண்டையை உடைச்ச கேள்வி. இதுக்கான பதில்ல நம்ம நீலகிரியும் இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

1910-ல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில், கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பணுக்கள் இருந்ததைப் பற்றி எழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங் குழு, கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று காட்டியது. அடுத்த சில வருஷங்களில் வெர்னான் இங்க்ராம் அதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்: பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். மொத்த வித்தியாசமே அந்த ஒரு அமினோ அமிலம்தான். (இது அப்படியே ஒரு மார்க் கேள்வியா வரும், எழுதி வெச்சுக்கோங்க.)

'ஏன் ஒழியல' என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

அதற்கு விடை தேடியவர் ஆந்தனி அலிசன். கென்யாவில் வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்த்தார். கடலோரத்திலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் அரிவாள் ஜீன் தாங்கிகள் ஏராளம். குளிரான மேட்டு நிலத்தில் ரொம்பக் குறைவு. மேட்டில் கொசு இல்லை, மலேரியா இல்லை. தாழ்வில் இரண்டும் உண்டு. 1954-ல் அவர் வெளியிட்ட முடிவு: ஒரே ஒரு அரிவாள் ஜீன் உள்ளவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை.

இதைக் கணக்காப் பார்க்கலாம், ஹார்டி வீன்பெர்க் பயமும் போகும். ஒரு ஊர்ல நூறு பேர். ஆளுக்கு ரெண்டுன்னு 200 ஜீன். அதுல 20 அரிவாள் ஜீன்னு வைங்க, அதாவது பத்து சதவீதம். சமநிலைப்படி 81 பேர் சாதாரணம், 18 பேர் தாங்கிகள், ஒருத்தருக்கு மட்டும் நோய்.

அந்த ஒரு குழந்தை இறந்துபோனா ஊர் இழக்கிறது ரெண்டு ஜீன். மீதி 18 ஜீனும் ஆரோக்கியமா நடமாடுற தாங்கிகள்கிட்ட பத்திரமா இருக்கு. அதே நேரம் அந்த 81 பேர் வீட்டுப் பிள்ளைகளை மலேரியா எடுத்துட்டுப் போகுது. ரெண்டு பக்கமும் சாவு. நடுவுல நிக்கிற தாங்கி தப்பிக்கிறான், ஜீனும் அவனோட தப்பிக்குது. புத்தகம் 'தகுதி'ன்னு சொல்றது எங்கேயும் எப்பவும் மாறாத தகுதியை இல்லை. அந்தந்த இடத்துக்கு, அங்க இருக்கிற கொசுவுக்கு எதிரான தகுதி. பரிணாமமும் சூழ்நிலையியலும் தனித்தனிப் பாடம்னு நாமதான் பிரிச்சு வெச்சிருக்கோம்.

இப்ப நீலகிரிக்கு வருவோம்.

1897-ல் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர் விடுமுறைக்கு ஊட்டிக்கு வந்தார். மலேரியாவைப் பார்க்கக் கீழே சீகூர் பள்ளத்துக்கு இறங்கினார். அங்கே அவருக்கே மலேரியா பிடித்தது. மேலே ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் காய்ச்சல் பயமில்லாமல் ஓய்வெடுக்க, கொஞ்ச தூரம் கீழே அடிவாரக் காட்டில் இந்த நிலைமை. அதே வருஷம் ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். பின்னாடி நோபல் பரிசும் வந்தது.

அந்த அடிவாரத்துல விடுமுறைக்கு வராம, தலைமுறை தலைமுறையா வாழ்ந்தவங்க யார்? இருளர், குறும்பர், பணியர்.

1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் ஜீன் இருப்பதை வெளியிட்டார்கள். அதுவரை இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பாடம் நடத்தினார்கள். அதே வருஷம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்த நோய் பதிவானது. (இந்த மேரி கட்புஷ்தான் 1950-ல் டஃபி ரத்த வகையை அறிவித்த குழுவிலும் இருந்தவர். டஃபி இல்லாத ரத்தத்தில் வைவாக்ஸ் மலேரியா எளிதில் நுழையாது என்று பின்னாடி தெரிந்தது. எங்கே தொட்டாலும் மலேரியா!)

இந்த ஜீன் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்ததா, இங்கேயே தோன்றியதா? 1980-களில் ஜீனைச் சுற்றியுள்ள டிஎன்ஏ அமைப்பை ஒப்பிட்டவர்கள், இந்தியா-அரேபியா வகை தனியாகத் தோன்றியது என்றார்கள். எல்லாம் ஒரே மூலம்தான் என்று சமீபத்தில் சிலர் மறுக்கிறார்கள். வாதம் முடியவில்லை.

ரத்தம் எடுத்துக் கட்டுரை எழுதியது 1952. ஆனா அந்த மக்களுக்கே இதைச் சொல்லி, குழந்தைகளைப் பரிசோதிச்சு, மாத்திரை கொடுத்துத் தொடர்ந்து பார்க்கிற வேலை வர பல பத்து வருஷம் ஆச்சு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, கோத்தகிரி நாவா அமைப்பு போன்றவங்க அதைச் செஞ்சாங்க. தேசிய அளவிலான ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையில்தான் தொடங்குச்சு. இந்த இடைவெளி எனக்கு உறுத்தும். உறுத்துறதுக்கு சொந்தக் காரணமும் உண்டு.

நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்ப, செங்கல் சூளைக்கு ஒடிசாவிலேர்ந்து குடும்பத்தோட வந்த ஒரு பையன் வந்தான். பதினாலு வயசு இருக்கும். கை கால் எலும்பெல்லாம் வலி, கண்ணு லேசா மஞ்சள், ரத்தம் கம்மி. மூட்டு வாதம்னு ஊசி போட்டு, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினோம். மூணு தடவை வந்தான். மூணு தடவையும் அதேதான். நாலாவது தடவை மார்ல வலியும் மூச்சுத் திணறலுமா வந்தப்ப, வேற ஊருக்கு அனுப்பின இடத்துலதான் அரிவாள் செல்லுன்னு கண்டுபிடிச்சாங்க. பிழைச்சான். பரிணாமப் பாடத்துல இதுக்கு முழு மார்க் வாங்கினவன் நான். ஒடிசான்னு கேட்டதும் ஞாபகம் வந்திருக்கணும். வரல.

கொசு குறைஞ்ச ஊர்ல இந்த ஜீனால இப்ப லாபம் ஒண்ணும் இல்லை, ஆனாலும் அது இருக்கு. வேலை தேடி மக்களோட சூளைக்கும் திருப்பூருக்கும் வருது. தாங்கியும் தாங்கியும் கல்யாணம் பண்ணா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. சாதாரண ஹீமோகுளோபின் அளவு பார்த்தா தாங்கி யாருன்னு தெரியாது. கரைதிறன் சோதனையும், அதை உறுதிப்படுத்த எலக்ட்ரோபோரசிஸும் வேணும்.

இவ்வளவையும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு கேட்டா: "சார், இதை அஞ்சு மார்க்குக்கு எழுதினா ராஸுக்கு மார்க் உண்டா?"

"ராஸுக்குக் கிடையாதும்மா. அலிசனை எழுது, மலேரியாவை எழுது, தாங்கியை அடிக்கோடு போடு"ன்னேன். புத்தகத்தை மூடிட்டு, "எங்க மலையில யாராவது வந்து ரத்தம் எடுத்துப் பார்த்திருக்காங்களா சார்?"ன்னா.

தேர்வு முடிஞ்சதும் வா, முதல்ல உனக்குப் பார்த்துடலாம்னு சொல்லியிருக்கேன்.

கேள்வி இருந்தா கீழ போடுங்க. சாயங்கால ஓபி முடிஞ்சு பதில் எழுதறேன்.